சிறுவரை மதித்த நாவலாசிரியர்

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு எத்தகைய நூல்களைப் படிக்கக் கொடுப்பது என்னும் கேள்வி, வாசிப்பில் நாட்டமுள்ள குடும்பங்களில் அடிக்கடி எழுவதாகும். காக்கை நரிக் கதைகள் அவர்களுக்குப் புளித்துப் போகின்றன. பெரியோருக்கென எழுதப்பட்ட நாவல்களோ இன்னும் எட்டவில்லை. இடைப்பட்ட இப்பருவத்திலேதான், இது நேர்மை, இது வஞ்சனை என்று பிள்ளைகள் தாமே தீர்ப்புக் கூறத் தொடங்குகின்றனர். ஆனால் இவர்களுக்கென எழுதப்படும் நூல்களிற் பல வெறும் பொழுதுபோக்காய் நின்றுவிடுகின்றன. மற்றும் பல, பக்கத்துக்குப் பக்கம் நீதி புகட்டி அலுப்பூட்டுகின்றன. சிறுவரைத் தமக்கு நிகரான அறிவுடையோராய் மதித்து, அவர்களோடு நேர்நின்று பேசும் ஆசிரியர் மிகச் சிலரே.

அச்சிலருள் நமக்கு மிகவும் உவப்பான ஒருவரை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். அவர் ஜெர்மன் நாட்டு ஆசிரியர் எரிக் கேஸ்ட்னர். ஓர் ஆசிரியரை அவருடைய நூல்களைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பர், அது உண்மையே. ஆயினும் இவர் விஷயத்தில் நூல்களையும் அவை பிறந்த காலத்தையும் பிரித்துப் பார்க்க இயலவில்லை. சிறுவருக்கு இவர் எழுதிய நீதியையே, இவருடைய நாட்டின் சரித்திரம் இவரை நோக்கிக் கேள்வியாகக் கேட்டது. அக்கேள்விக்கு இவர் எவ்வாறு விடை பகர்ந்தார் என்பதையும் மறையாது கூறுவோம்.

இளமைப் பருவம்

கேஸ்ட்னர் 1899-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ம் தேதி டிரெஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் எமில் கேஸ்ட்னர் குதிரைச் சேணம் செய்வதில் தேர்ந்த தொழிலாளி. சொந்தப் பட்டறை நடவாமற் போகவே, பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கூலிக்கு அமர்ந்தார். கைத்தொழில் வல்லவர் பலர் தொழிற்சாலைகளுக்குத் தோற்ற காலம் அது. தாயார் ஈடா அம்மையாரோ தளர்ச்சி அறியாதவர். வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்தார். வருவாய் போதாமையால், முப்பது வயதுக்கு மேல் மகளிர்க்குச் சிகை அலங்காரம் செய்யும் தொழிலைப் பயின்று, வீட்டின் ஒரு மூலையிலேயே அதனை நடத்தினார். வீட்டின் ஓர் அறை பள்ளி உபாத்தியாயர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. தாம் பட்ட பாட்டைத் தம் மகன் படலாகாது, அவன் படித்து உயர்தல் வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் ஒரே வேட்கை. அவ்வுழைப்பின் பளுவைச் சிறுவர் கண்ணாரக் கண்டு வளர்ந்தார். அவருடைய நாவல்களில் வரும் தாய்மார் எல்லாம் உழைத்துக் களைத்த கையினராய் இருப்பதற்கும், பிள்ளைகள் அதனை உணர்ந்தவராய் இருப்பதற்கும் காரணம் இதுவே.

உபாத்தியாயர் ஆகும் எண்ணத்தோடு 1913-ம் ஆண்டில் அவர் ஆசிரியப் பயிற்சிச் சாலையிற் சேர்ந்தார். அங்கு நிலவிய கண்டிப்புப் பட்டாளத்தின் கண்டிப்பையே ஒத்திருந்தது. அதன்பின் உண்மைப் பட்டாளமே அவரை அழைத்தது. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ம் ஆண்டில், பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டார். பயிற்சியளித்த அதிகாரி ஒருவரின் கொடுமையால் அவருடைய இருதயம் பழுதுற்றது. அந்நோய் ஆயுள் முழுதும் நீங்கவில்லை. கட்டளைக்குக் கேள்வியின்றிப் பணியும் குடிமக்களை ஆக்கும் பள்ளியும், அவர்களைக் கொல்லக் கொடுக்கும் சேனையும் தம்முள் உறவுடையவை என்பதை அவர் இருபது வயதுக்குள் கண்டுகொண்டார். உபாத்தியாயர் தொழிலைக் கைவிட்டார். நகரசபை அளித்த உதவிச் சம்பளத்தோடு லைப்சிக் சர்வகலாசாலையிற் பயின்று, 1925-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பத்திரிகையில் எழுதியே படிப்புச் செலவைச் சமாளித்தவர் அவர். பாட்டு ஒன்று பெரிய மனிதர் சிலரின் சினத்துக்கு ஆளாகவே, லைப்சிக் பத்திரிகை உத்தியோகம் 1927-ம் ஆண்டிற் போயிற்று. அவ்வாண்டிலேயே பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கவிதை, விமர்சனம், நையாண்டி ஆகிய துறைகளில் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. யுத்த வெறியையும் அதிகார மமதையையும் நகையாடியமையால் பகையும் உடன் வளர்ந்தது.

எமிலின் கதை

அக்காலத்துப் பெர்லினில் சிறுவர் நூல்களை வெளியிட்டுவந்தவர் எடித் யாகோப்சோன் என்னும் அம்மையார். கூரிய நையாண்டி எழுதும் இவ்விளைஞரிடம், 'சிறுவருக்கு ஒரு நாவல் எழுதலாகாதா?' என்று தூண்டியவர் அவரே. அத்தூண்டுதலின் பயனாக 1929-ம் ஆண்டில் 'எமிலும் துப்பறியும் சிறுவரும்' என்னும் நாவல் வெளிவந்தது. வால்டர் டிரியர் என்னும் சித்திரக்காரர் அதற்குப் படம் வரைந்தார்.

கதை எளியது. சிற்றூர் ஒன்றில் சிகை அலங்காரம் செய்து பிழைக்கும் விதவைத் தாயின் ஒரே மகன் எமில். பெர்லினில் இருக்கும் பாட்டியிடம் கொடுக்குமாறு தாய் 140 மார்க் பணம் கொடுத்து அனுப்புகின்றாள். அதில் இருபது மார்க் அவன் செலவுக்கு. சிறுவன் அதனைச் சட்டைப் பையின் உட்புறத்தில் ஊசியாற் குத்திப் பத்திரப்படுத்துகின்றான். ரயில் வண்டியில் கண்ணயர்ந்த வேளையில், எதிரில் இருந்த தொப்பிக்காரன் பணத்தைக் கவர்ந்து செல்கின்றான். பாட்டி காத்திருக்கும் ஸ்டேஷனுக்கு முன்னதாகவே எமில் இறங்கி, அறிமுகமில்லாத மாநகரில் தன்னந்தனியனாய்த் திருடனைப் பின்தொடர்கின்றான். போலீஸாரிடம் செல்ல அஞ்சுகின்றான். ஏனெனில் ஊரிலிருந்த பிரபு ஒருவரின் சிலைக்கு மீசையும் சிவப்பு மூக்கும் தீட்டிய குற்றம் அவன் நெஞ்சிற் கிடந்து உறுத்துகின்றது. அப்போது குஸ்டாவ் என்னும் தெருப் பையன் எதிர்ப்படுகின்றான். அவன் தன் தோழரையெல்லாம் திரட்டுகின்றான். சிறுவர் படை ஒன்று உருவாகின்றது.

இக்கதையில் நம் உள்ளத்தைக் கவர்வது திருடன் பிடிபடுவதன்று. பிள்ளைகள் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையே. கையிருப்புப் பணத்தைக் கூட்டிப் பார்க்கின்றனர். தூது செல்ல ஆளை நியமிக்கின்றனர். யாவரும் கூடி ஆலோசித்து முடிவு செய்கின்றனர். எல்லோரினும் சிறியவனான டீன்ஸ்டாக் என்பவனுக்குக் கிடைத்த வேலை, வீட்டிலே டெலிபோன் அருகே அமர்ந்து செய்தி வாங்குதல். தெருவிலே வேடிக்கை நடந்துகொண்டிருக்க, அவன் இடத்தை விட்டு அசையாது தன் கடமையைச் செய்கின்றான். முடிவிலே எல்லோருடைய பாராட்டுக்கும் மேலான பாராட்டை அச்சிறுவனுக்கே பாட்டியின் வாயால் ஆசிரியர் அளிக்கின்றார். பெயர் விளங்காது உழைப்போனே பெரியோன் என்னும் உண்மையை இதனினும் இனிதாய்க் கூற இயலுமோ?

திருடன் நோட்டுகளை மாற்ற பாங்கிக்குச் செல்லும்போது பிடிபடுகின்றான். பணம் தன்னுடையதே என்பதற்கு எமில் காட்டும் சாட்சி, நோட்டுகளில் ஊசி குத்திய துளைகள். கதையிலிருந்து பெறும் படிப்பினை யாது என்று பெரியவர்கள் வினவும்போது, பணத்தை ஆளிடம் கொடுத்தனுப்பாது மணியார்டர் செய்யவேண்டும் என்று பாட்டி கூறுவது நகைச்சுவையின் உச்சம். இந்நாட்டிலிருந்து ஊருக்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியோரின் வழிவந்த நமக்கு இந்நகைச்சுவை நன்கு விளங்கும். நீதிக்கதை எழுதுவோரை நோக்கி ஆசிரியர் செய்யும் மெல்லிய பரிகாசமும் அதுவே.

அதற்கு முன்பு வந்த வீரச் செயற் கதைகள் சிறுவரைத் தொலைதூரத் தீவுகளுக்கும் கடற்கொள்ளையரிடையேயும் அழைத்துச் சென்றன. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1883-ம் ஆண்டில் நூலாய் வந்து இன்றுங்காறும் படிக்கப்படுவது. கேஸ்ட்னரோ டிராம் வண்டியும் காப்பிக் கடையும் உள்ள மெய்யான பெர்லின் தெருக்களையே கதைக் களமாக்கினார். டிக்கெட்டுக்குக் காசின்றித் தவிக்கும் எமிலுக்கு டிராம் வண்டியிலே காசு கொடுத்து உதவும் மனிதராகவும், பின்னர் பத்திரிகை நிருபராகவும் கேஸ்ட்னர் என்னும் பெயருடன் அவரே கதைக்குள் வருகின்றார். வீரத்துக்குக் கப்பல் வேண்டியதில்லை, நம் தெருவே போதும் என்பதைச் சிறுவர் அறிந்துகொண்டனர். 1931-ம் ஆண்டில் இக்கதை பேசும்படமாகவும் வந்து புகழ் பெற்றது.

செல்வமும் வறுமையும்

அதே 1931-ம் ஆண்டில் 'புள்ளிப் பெண்ணும் ஆன்டோனும்' வெளிவந்தது. புள்ளி என்னும் செல்லப் பெயருடைய சிறுமி, கைத்தடித் தொழிற்சாலை முதலாளியின் மகள். அவளுடைய தோழன் ஆன்டோன், நோயுற்ற தாய்க்குத் தானே சமைத்துப் போட்டு, இரவிலே பாலத்தின்மீது நின்று காலணிக் கயிறு விற்கும் ஏழைச் சிறுவன். பெற்றோர் அறியாமல், வீட்டு ஆசிரியை புள்ளியையும் அதே பாலத்துக்கு அழைத்துச் சென்று தீப்பெட்டி விற்கச் செய்கின்றாள். சிறுமிக்கு அது விளையாட்டு. சிறுவனுக்கு அது பிழைப்பு. ஒரே பாலத்தில் இவ்விருவரையும் நிறுத்திவிட்டு, ஆசிரியர் வாளா இருக்கின்றார். வேற்றுமையைப் படிக்கும் பிள்ளையே கண்டுகொள்கின்றது.

இரவெல்லாம் உழைத்த ஆன்டோன் பகலில் வகுப்பிலே தூங்கி விழுகின்றான். உபாத்தியாயர் அவன் தாய்க்குக் கடிதம் எழுதக் கருதுகின்றார். புள்ளி அவனுக்குத் தெரியாமலே உபாத்தியாயரிடம் சென்று உண்மையைக் கூறி, தான் வந்து கூறியதை அவன் அறியலாகாது என்றும் கேட்டுக்கொள்கின்றாள். உதவி செய்தல் வேறு, உதவி பெறுவோனின் மானத்தைக் காத்தல் வேறு என்பதனை நம்மிற் பெரியோர் பலரும் இன்னும் கற்கவில்லை. தர்மம் செய்யும்போது படம் பிடித்துக்கொள்ளும் கனவான்கள் இப்பகுதியை ஒருமுறை படிப்பாராக!

இந்நூலில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஆசிரியர் கதையை நிறுத்தி, கடமை, அகந்தை, துணிவு, வறுமை முதலியன குறித்துச் சிறுவரோடு கலந்து பேசுகின்றார். இப்பகுதிகள் வேறு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன; விரும்பாதவர் தாண்டிச் செல்லலாம் என்று முன்னரே அனுமதியும் அளித்துவிடுகின்றார். அனுமதி கொடுத்தமையால்தானோ என்னவோ, பிள்ளைகள் அவற்றைத் தாண்டுவதில்லை! வறுமை விதியின் செயலன்று, செல்வர் இளமையிலேயே ஏழையரின் நிலையை உணர்ந்து வளர்ந்தால் உலகம் மாறக்கூடும் என்னும் எண்ணம் அப்பேச்சின் அடியில் ஓடுகின்றது.

நூல்கள் எரிந்த இரவு

1933-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரி மாத இறுதியில் ஜெர்மன் பார்லிமெண்டு மாளிகை தீப்பற்றியபோது கேஸ்ட்னர் அயல்நாட்டில் இருந்தார். எழுத்தாளர் பலர் நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தனர். நண்பர்கள் தடுத்தும் அவர் பெர்லினுக்குத் திரும்பினார். தாயாரைப் பிரிய மனமின்மை ஒரு காரணம். நடப்பவற்றைக் கண்ணாரக் கண்டு பின்னர் எழுதவேண்டும் என்பது மற்றொரு காரணம்.

அவ்வாண்டு மே மாதம் 10-ம் தேதி இரவு, சர்வகலாசாலைக்கு எதிரேயுள்ள ஆப்பெரா மைதானத்தில் மாணவர்கள் சிதை அடுக்கினர். 'ஜெர்மன் உணர்ச்சிக்கு மாறானவை' என்று தள்ளப்பட்ட பல்லாயிரம் நூல்கள் வண்டிகளில் வந்து இறங்கின. ஆசிரியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்க் கூவி நூல்களை நெருப்பில் வீசினர். ஹைன்ரிக் மான், எர்ன்ஸ்ட் கிளேசர் ஆகியோரோடு எரிக் கேஸ்ட்னரின் பெயரும் கூவப்பட்டது. மந்திரி கோயபல்ஸ் அங்கே சொற்பொழிவாற்றினார். கூட்டத்தினிடையே நின்று, தம் நூல்கள் எரிவதைக் கேஸ்ட்னர் தாமே பார்த்துக்கொண்டிருந்தார். 'அதோ கேஸ்ட்னர்!' என்று ஒரு பெண் அடையாளம் கண்டு கூவிவிட்டாள். நற்பேறாக அவருக்குத் தீங்கு நேரவில்லை. மெல்ல அவ்விடத்தை விட்டு அகன்றார்.

இதில் ஒரு விந்தையையும் குறிப்பிடல் வேண்டும். கேஸ்ட்னரின் நூல்கள் எல்லாம் எரிக்குரியவை, எமிலின் கதை மட்டும் விலக்கு என்று அவர்கள் பட்டியலில் எழுதியிருந்தனர். அத்தனை வீடுகளில் அத்தனை பிள்ளைகள் அந்நூலை விரும்பினர்! பின்னர் அதற்கும் தடை வந்தது. எமிலுக்குப் பிறப்பளித்த கூட்டமும் கலைந்தது. நூலை வெளியிட்ட யாகோப்சோன் அம்மையார் யூதராதலின் நாட்டை விட்டேகி, 1935-ம் ஆண்டில் லண்டனில் இறந்தார். சித்திரக்காரர் டிரியரும் யூதரே. அவர் 1936-ம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பின்னர் கனடாவுக்கும் சென்றார். பேசும்படத்தில் எமிலாகவும், குஸ்டாவாகவும், டெலிபோன் காத்த சின்னஞ்சிறு டீன்ஸ்டாக்காகவும் நடித்த மூன்று சிறுவரும் வளர்ந்து வாலிபராகி, 1941, 1942-ம் ஆண்டுகளில் ஹிட்லரின் யுத்தத்தில் மடிந்தனர். ஒருவனையொருவன் நம்பி, கூடி ஆலோசித்து, நீதியை நாட்டிய அச்சிறுவர் படையின் கதி இதுவாயிற்று என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

பறக்கும் வகுப்பறை

நூல்கள் எரிந்த அதே 1933-ம் ஆண்டில்தான் 'பறக்கும் வகுப்பறை' வெளிவந்தது. அவருடைய நாவல்களுள் தலைசிறந்தது இதுவே என்பது நம் துணிபு. விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றில் பயிலும் ஐந்து மாணவரின் கதை இது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அவர்கள் நடிக்கவிருக்கும் நாடகத்தின் பெயரே நூலின் பெயராயிற்று.

மார்ட்டின் என்பவன் வகுப்பில் முதல்வன். வேலையிழந்த ஏழையின் மகன். விடுமுறைக்கு ஊர் செல்ல எட்டு மார்க் வேண்டும். தாயால் ஐந்து மார்க்குக்கு மேல் அனுப்ப இயலவில்லை. மற்றவரெல்லாம் ஊருக்குப் புறப்பட, அவன் அழுதல் கூடாதென்று தனக்குத் தானே ஆணையிட்டுக்கொண்டு விடுதியிலே தங்குகின்றான். அதனை உணர்ந்த உபாத்தியாயர், அவன் மானம் குன்றாதபடி இருபது மார்க் கொடுத்து அனுப்புகின்றார். ஜோனி என்பவனோ, தந்தையாற் கப்பலேற்றிக் கைவிடப்பட்டவன். ஊலி என்னும் சிறுவன், கோழை என்னும் பழிச்சொல்லைப் பொறுக்கமாட்டாமல், குடையை விரித்துக்கொண்டு உயரமான ஏணியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்கின்றான். சிறுவரின் துன்பத்தை ஆசிரியர் ஓரிடத்திலும் சிறு துன்பமாய்க் கருதியதில்லை. பெரியோர் தம் இளமையை மறந்துவிடுவதே உலகின் கேடுகள் பலவற்றுக்கும் வித்து என்பது அவர் கொள்கை.

இந்நூலில் இரண்டு நிகழ்ச்சிகளை நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எதிர்ப்பள்ளி மாணவர்கள் இப்பள்ளியின் சொல்வதெழுதும் நோட்டுப் புத்தகங்களைக் கைப்பற்றி எரித்துச் சாம்பலாக்குகின்றனர் என்பது ஒன்று. மே மாதத்து நெருப்பை நினைந்தே ஆசிரியர் இதனை எழுதினாரோ, அறியோம். அவ்வாண்டில் அதனைப் படித்த ஜெர்மானியர் நினையாதிருத்தல் அரிது. மற்றொன்று வகுப்பறையில் நடப்பது. மாணவர் சிலர் ஊலியைக் குப்பைக் கூடையில் வைத்து உயரத் தொங்கவிடுகின்றனர். வகுப்புக்குள் நுழைந்த உபாத்தியாயர், தொங்கவிட்டவரை மட்டும் கடிந்து நிற்கவில்லை. தடுக்க முயலாது பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனுக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு என்பதை எல்லோரும் பலமுறை எழுதும்படி செய்கின்றார். கூடையில் தொங்குபவன் ஒரு சிறுவன். ஆனால் அக்காலத்தில் அந்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் கூடையிலே தொங்கினர்! கீழே நின்று பார்த்தோர் எத்தனை கோடி!

திரும்பி வந்த கேள்வி

நிற்க. இந்நீதியை எழுதியவர், பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவரல்லரோ? இக்கேள்வியை அவரிடம் பிறர் கேட்டனர். அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாண்டுக் காலம் அவர் ஜெர்மனியிலேயே வாழ்ந்தார். அவர் நூல்கள் ஸ்விட்ஜர்லாந்தில் அச்சாயின. ரகசியப் போலீஸார் இரு முறை அவரைக் கைது செய்து விடுவித்தனர். வேறு பெயரில் நாடகங்களும் கதைகளும் எழுதிக் காலந்தள்ளினார். 1943-ம் ஆண்டில் சர்க்கார் ஆதரவோடு வெளிவந்த 'முன்ச்சௌசன்' என்னும் பெரும் சினிமாப் படத்துக்கு வசனம் எழுதியவரும் அவரே. அதற்குத் தனி அனுமதி தரப்பட்டது, பெயர் மட்டும் மறைக்கப்பட்டது. விரைவில் முழுத் தடை விழுந்தது. 1944-ம் ஆண்டில் அவருடைய இல்லம் குண்டு வீச்சில் எரிந்தது. அவ்வாண்டிலேயே, ஹிட்லரை நகையாடிப் பேசியதற்காகச் சிறைப்பட்ட அவருடைய ஆருயிர் நண்பர், சித்திரக்காரர் எரிக் ஓசர், விசாரணைக்கு முன்னரே சிறையில் தம்மை மாய்த்துக்கொண்டார். 1945-ம் ஆண்டு பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் நெருப்பில் அழிந்தது. பெற்றோர் உயிர் தப்பினர். எழுதுவேன் என்று அவர் திரும்பி வந்த அப்பெரு நாவல் எழுதப்படவேயில்லை.

இவற்றைக் கொண்டு அவரை வீரர் எனல் பொருந்தாது. கயவர் எனலும் அநீதியாம். அவர் கட்சியிற் சேர்ந்தவரல்லர், ஹிட்லரைப் பாடியவரல்லர். ஆயினும் வாய் திறந்தவரும் அல்லர். இதனை அவர் பூசி மெழுகவில்லை என்பதே நாம் கருதத் தக்கது. 1958-ம் ஆண்டு மே மாதம், நூல்கள் எரிந்த இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு நாளில், ஹாம்பர்க் நகரில் எழுத்தாளரிடையே பேசும்போது, தாம் அன்று கூவி எதிர்க்காது நின்றதை அவர் ஒளியாது கூறினார். கொடுங்கோன்மை மலைச்சரிவில் உருளத் தொடங்கும் பனிக்கட்டி போன்றது. சிறிதாயிருக்கும்போதே கையால் தடுத்துவிடலாம், பெருகி உருண்டு வரும்போது எவராலும் தடுக்கவொண்ணாது. ஆகவே 1933-ம் ஆண்டில் போராடத் தொடங்குதல் காலங்கடந்த செயல், 1928-ம் ஆண்டுக்குள்ளேயே போராடியிருத்தல் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். தம் பிழையைத் தாமே உரைத்து, அதனை அடுத்த தலைமுறைக்குப் பாடமாக்குதல் எளிய செயலன்று. அவர் கூறிய அச்சம் வீணன்று என்பதும் விரைவில் விளங்கிற்று. 1965-ம் ஆண்டில் டூசல்டார்ப் நகரில் மத இளைஞர் குழு ஒன்று தமக்கு ஒவ்வாத நூல்களைக் கூட்டி எரித்தபோது, கேஸ்ட்னரின் நூல் ஒன்றும் மீண்டும் நெருப்பில் விழுந்தது!

யுத்தத்தின் பின்னர்

யுத்தம் முடிந்தபின் அவர் மியூனிக் நகரில் தங்கி, பத்திரிகைப் பணியிலும், 'பெங்குவின்' என்னும் இளைஞர் சஞ்சிகையிலும் ஈடுபட்டார். ஹிட்லர் காலத்தில் நாடு கடந்து வாழ்ந்து திரும்பிய யெல்லா லெப்மான் என்னும் யூத அம்மையார், சிறுவர் நூல்களின் வாயிலாகவே பகைத்த நாடுகளை நட்பாக்க இயலும் என்று நம்பி, 1949-ம் ஆண்டில் மியூனிக்கில் சர்வதேச இளைஞர் நூல்நிலையத்தை நிறுவினார். அம்முயற்சிக்குக் கேஸ்ட்னர் துணை நின்றார். அவ்வம்மையார் தந்த கருத்தைக் கொண்டு அவர் எழுதியதே 'மிருகங்களின் மகாநாடு'. மனிதரின் சமாதான மகாநாடுகள் ஒவ்வொன்றாய்த் தோற்பதைக் கண்டு வெறுத்த யானையும் சிங்கமும் ஒட்டைச்சிவிங்கியும், பிள்ளைகளின் பொருட்டுத் தாமே மகாநாடு கூட்டுகின்றன. எலிகள் சர்க்கார் காகிதங்களைக் கடித்துத் தள்ளுகின்றன. அந்துப்பூச்சிகள் அதிகாரிகளின் உடுப்புகளை அரிக்கின்றன. அவற்றாலும் அறிவு வாராமையின், உலகத்துப் பிள்ளைகளை எல்லாம் மிருகங்கள் ஒளித்துவைத்துவிடுகின்றன. அதன்பின்னரே பெரியோர் கையெழுத்திடுகின்றனர். கனடாவிலிருந்து அதற்குப் படம் வரைந்தவர் அதே டிரியர்.

அதே 1949-ம் ஆண்டில் 'இரட்டைச் சிறுமியர்' கதையும் வெளிவந்தது. மணமுறிவால் குழந்தைப் பருவத்திலேயே தாயிடம் ஒருத்தியும் தந்தையிடம் ஒருத்தியுமாய்ப் பிரிக்கப்பட்ட இரட்டையர், விடுமுறை இல்லம் ஒன்றில் சந்தித்து, இடம் மாறிக்கொள்ளும் கதை அது. மணமுறிவைச் சிறுவர் நூலில் எழுதலாமோ என்று முகஞ்சுளிப்போரை எதிர்பார்த்து, கதையின் நடுவிலேயே ஆசிரியர் விடை கூறிவிடுகின்றார்: பெற்றோரின் பிணக்கால் வருந்தும் பிள்ளைகள் உலகில் மிகப் பலராயிருக்க, அதனை அவர்களிடம் பேசலாகாது என்பது என்ன நியாயம்? 1957-ம் ஆண்டில் தம் இளமை வரலாற்றையும் சிறுவருக்கென எழுதினார். 1960-ம் ஆண்டில் சர்வதேச ஆண்டர்சன் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 1974-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ம் தேதி மியூனிக்கில் காலமானார்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

குறை கூறாது புகழ்தல் திறனாய்வாகாது. எமிலின் கதையில் வரும் போனி என்னும் துடுக்குச் சிறுமி துப்பறியும் குழுவிற் சேராது, உணவும் காப்பியும் கொணர்வதோடு நிற்கின்றாள். பெண்ணின் இடம் அடுக்களை என்னும் பழைய எண்ணம் அங்கே தலைகாட்டுகின்றது. புள்ளியையும் இரட்டையரையும் படைத்தபோது ஆசிரியர் அவ்வெண்ணத்தைக் கடந்துவிட்டார். 'மே மாதம் 35-ம் தேதி' என்னும் விநோதக் கதையில் தென்கடல் தீவினரைப் பற்றி வரும் பகுதி, அக்காலத்து ஐரோப்பியரின் இழிவான நோக்கிலிருந்து விடுபட்டதன்று. இவற்றைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டுவதில்லை. உடனிருந்து படித்து, இது பிழை என்று எடுத்துரைத்தலே தக்கது. தடை செய்தலும் எரித்தலும் எவர் வழி என்பதை மேலே கண்டோம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு எமிலின் கதையை முதலிற் கொடுக்கலாம்; அடுத்துப் புள்ளியின் கதையும் இரட்டையர் கதையும். பன்னிரண்டு வயதளவில் பறக்கும் வகுப்பறையைக் கொடுத்தல் வேண்டும். இவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. நல்ல தமிழிலேயே நம் சிறுவர் கையில் இவை தவழ வேண்டும் என்பது நம் ஆவல். படித்து முடித்தபின், 'கதை எப்படி?' என்று கேட்பதோடு நில்லாது, 'ஊலியைக் கூடையிலே தொங்கவிட்டபோது நீ அவ்வகுப்பில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை விடை கூறிய பின்னர், 'நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், அப்பா?' என்று நம்மைத் திருப்பிக் கேட்கும். அதற்குரிய விடையை நாமும் ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வோமாக.